தொடக்கூடாத காற்றாடி

இன்று காலை நூல்கண்டு தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். தேன்மெழுகு வாசனை வந்தது. உன் விமானத்தின் புகைக்குழாயை அடைக்கத் துணியில் உருக்கி ஊற்றியதுபோக மிஞ்சிய கட்டி அது. நூல் பிரியாமல் இருக்க அதில் உரசித்தான் இன்றும் பொத்தான் தைக்கிறேன். இத்தனை வருஷம் உரசியும் பாதிகூடத் தேயவில்லை. நீ தேய்ந்த வேகத்தை நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

யுத்தத்துக்குப் போன நம் ஊர்க்காரர்கள் தகரப் பெட்டியும் கம்பளியும் கொண்டு திரும்பினார்கள். நீ விமானம் கொண்டு வந்தாய். பட்டாளத்தில் எஞ்சின் வேலை படித்து, பிறகு ஓட்டவும் படித்து, அவர்கள் கழித்துப்போட்ட ஒன்றை உன் அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பை விற்று வாங்கினாய். மரச்சட்டம், மேலே துணி, இரண்டே இருக்கை. "தோப்பை வித்துக் காத்தாடி வாங்கின பய" என்று நம் தோவாளை ஊர் முழுக்கச் சிரித்தது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே பொட்டலில் தகரக் கொட்டகை போட்டு அதை நிறுத்தினாய். இறக்கைத் துணி கிழிந்தபோது தையல்காரனான என்னைக் கூப்பிட்டாய். கூலிக்குப் பதிலாக ஒருமுறை என்னை ஏற்றிக்கொண்டு முட்டம் வரைக்கும் பறந்தாய். கீழே கலங்கரை விளக்கம் தெரிகிறது பார் என்று கத்தினாய். நான் எங்கே பார்த்தேன்? கண்ணை மூடிக்கொண்டு வாந்தி எடுத்தேன். யார் வயலுக்கோ உரம் கிடைத்தது.

அப்புறம் உனக்கு இருமலில் ரத்தம் வந்தது. காசநோய் ஆஸ்பத்திரியில் குறைந்தது ஒரு வருஷம் படுக்க வேண்டும் என்றார்கள். நீ ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, முதலில் கொட்டகைக்குத்தான் போனாய். "நான் படுக்கதுக்கு முன்னால இவளை முறையாப் படுக்க வைக்கணும். வா மக்கா" என்றாய்.

அந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். தொட்டியிலிருந்த பெட்ரோலை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்தாய். பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே சிலிண்டருக்குள் கெட்டியான எண்ணெயைப் பீய்ச்சினாய். எண்ணெய் உள்ளே எங்கும் படரட்டும் என்று மூக்கிலிருக்கும் காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டு நிறுத்தினாய். சக்கரம் தரையில் அழுந்தாமல் மரக்கட்டைமேல் ஏற்றினோம். கட்டையைச் சுற்றிக் கரையானுக்குச் சுண்ணாம்பும் சாம்பலும் போட்டோம். இருக்கைக்குள் ஈரம் இழுக்கக் கரி நிரப்பிய சிறு பைகள் தைத்துக் கொடுத்தேன். மேலே போர்த்த உறை தைக்க நான் அளவெடுத்தபோது, "என்னலே, மாப்பிளைக்குச் சட்டை தைக்கது போல அளவெடுக்கே" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வாயைத் துடைத்த துணியை மடித்து என் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டாய். நான் பார்த்துவிட்டேன்.

கடைசியாக ஒரு பலகையில் 'தொடாதே' என்று எழுதிக் காற்றாடியில் கட்டினாய். எனக்கு விளங்கவில்லை. சும்மா கிடந்தால் இறுகிப்போகாதா, வாரத்துக்கு ஒருதடவை நான் வந்து சுற்றிவிடட்டுமா என்று கேட்டேன். நீ பதறிப்போனாய்.

"எடே, உள்ள ஒட்டிக் கிடக்கிற எண்ணெய்தான் அதுக்குச் சட்டை. காத்தாடியைச் சுத்தினா எண்ணெய் வழிச்சுக்கிட்டுப் போவும். அப்புறம் ஈரக்காத்து பிடிச்சா துருதான். எவனையும் தொட விடாத. கேட்டியா?"

சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, உன் அம்மை மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். சாவி என்னிடம்தான் இருந்தது. திறக்கச் சொன்னாள். உறையை விலக்கிக் காற்றாடிக்குச் சந்தனம் தொட்டு வைத்தாள், பிச்சிப்பூச் சரத்தைச் சுற்றினாள், சூடம் காட்டினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு கையாலும் காற்றாடியைப் பிடித்து இழுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். நீ பறக்கப் புறப்படும்போதெல்லாம் அதை முதலில் கையால் சுற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். காற்றாடி சுற்றினால் மகன் எழும்புவான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

"அம்மை, தொடப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தொடப்பிடாதுன்னு சாவுத் தீட்டு வீட்டுலல்லா சொல்லுவாவ? எம் பிள்ளை உயிரோட இருக்காம்லே. வாயைக் கழுவு" என்றாள்.

பெற்றவளைத் தடுக்க நான் யார்? அடுத்த வெள்ளியும் வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும். இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலில் உன்னைத் தேடத்தான் வேண்டியிருந்தது. போர்வைக்கும் மெத்தைக்கும் நடுவில் அவ்வளவு கொஞ்சமாக இருந்தாய். மெட்ராசிலிருந்து தருவித்த ஊசியும் உன்னிடம் தோற்றிருந்தது. நடந்ததைச் சொன்னேன். நீ கத்துவாய், ஒரு ஆளை வைத்துக் கொட்டகையைக் காக்கச் சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். இறக்கைத் துணியில் என் விரல் அழுக்குப் பட்டதற்கே ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவன் அல்லவா நீ?

நீ கூரையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாய். "சுத்தட்டும் மக்கா. அம்மைக்குச் சுத்துகதுக்கு என்னமாம் வேணும்லா."

அவ்வளவுதான். எஞ்சின் இனி வேண்டாம் என்று நீ முடிவுகட்டிவிட்டாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ பிழைக்கமாட்டாய் என்று வைத்தியர் சொல்லவில்லை, ஊரில் யாரும் சொல்லவில்லை, நீயே உன் வாயால் சொன்னாய். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க வாய்விட்டு அழுதேன். மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

பதினாறு முடிந்த மறு வெள்ளி, கடை வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மைதான். கையில் பிச்சிப்பூ. சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். அன்றிலிருந்து எத்தனையோ வெள்ளி. அப்போது ஊரெல்லாம் நம் தாலுகா தமிழ்நாட்டோடு சேருவதைப் பற்றித்தான் பேச்சு. நீ இருந்தால் கொடியைக் கட்டிக்கொண்டு வானத்தில் சுற்றியிருப்பாய். நாங்கள் இரண்டுபேரும் கொட்டகைக்குள் காற்றாடியைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வரவர அது கனத்தது. உள்ளே எதுவோ உராய்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது. அம்மைக்குக் காது மந்தம். எனக்கு மந்தமில்லை.

போன வெள்ளிக்கிழமை அது சுற்றவில்லை. அம்மை இழுத்தாள், அசையவில்லை. காலை ஊன்றித் தொங்கிப் பார்த்தாள். நானும் சேர்ந்து இழுத்தேன். உள்ளங்கை கன்றியதுதான் மிச்சம். பூச்சரம் அறுந்து காலடியில் விழுந்தது.

"சுத்தல்லியேலே" என்றாள். காற்றாடியைத் தடவிக்கொண்டே, "அப்பம் அவன் வரமாட்டானாலே?" என்றாள்.

சுடுகாட்டுக்கு உன்னைத் தூக்கிப் போனபோது அழாதவள் அன்று அந்த 'தொடாதே' பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தோம். எலி கடிக்கவில்லை, கரையான் ஏறவில்லை, உறையில் ஒரு தையல் விடவில்லை. ஆனாலும் நீயும் போனாய், எஞ்சினும் போனது.

உன் மெழுகு இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது. ஊரிலுள்ள சட்டைகளிலெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது. கொட்டகைச் சாவியும் என் இடுப்பில்தான்.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வண்டிச் சத்தம் கேட்டது. அம்மை வந்து கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பூ இருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.