அந்த அட்டையில இருந்தது என் அக்காதான்

என் பாண்டிச்செல்வி அக்காவுக்கு,

அழுதுக்கிட்டே எழுதுறேன்னு நினைச்சுக்கிடாத. உன்னைய ஏசணும்னுதான் உக்காந்திருக்கேன். உன் போட்டோ முன்னாடி நின்னு ஏசிப் பாத்தேன். அம்மா ஓடி வந்து வாயப் பொத்துறா. "செத்தவளப் போயி ஏசுறியே, நாக்கு அழுகிப்போகும்டி"ங்கிறா. அதான் எழுத்துல. ஊரும் படிக்கட்டும், ஊரையும் நாலு வார்த்தை கேக்க வேண்டியிருக்கு.

முதல்ல நான் உங்கிட்ட சொன்ன பொய்யச் சொல்லிடுறேன். டென்மார்க்குல நான் சரியா ஆடல, அதனாலதான் அந்த ஃபுட்பால் கிளப்புல என்னைய எடுக்கலன்னு சொன்னேன்ல? ஆட நேரம் கிடைச்சாத்தானக்கா? நாலு நாள் நடந்த தேர்வுல எனக்குக் கிடைச்சது கடைசி நாள் இருபது நிமிசம்.

நீ அப்படியே நம்பிட்டே. ஆலை வேன்ல கூட வர்ற பொம்பளைக கிட்டயெல்லாம் "எந் தங்கச்சிக்கு அந்தக் குளிரு ஒத்துக்கல, இல்லன்னா கோலாப் போட்டுத் தள்ளியிருப்பா"ன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சே. அதக் கேக்குறப்பயெல்லாம் எனக்குச் செவுத்துல போயி முட்டிக்கிடலாம்போல இருக்கும்.

நடந்தது இதுதான். கிளம்புறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, "எம் பைய எடுத்துக்க புள்ள, ஜிப்பு நல்லாருக்கு"ன்னு குடுத்தே. பட்டாசு ஆலைக்கு மாத்துச் சேலையும் சோத்து வாளியும் நீ கொண்டு போற பை. மூணு தடவை சோப்புப் போட்டு அலசி வெயில்ல காயப்போட்டே. அப்புறம் வேலை விட்டு வந்த கையோட, வெள்ளிப் பவுடரு இன்னும் நகக்கண்ணுல மின்னிக்கிட்டு இருக்க, என் பூட்ஸுக்குள்ள பேப்பரத் திணிச்சே, ஜெர்சிய மடிச்சு வச்சே. எல்லாம் முடிச்சிட்டு ஒரு புத்திமதி வேற: "ஏர்ப்போர்ட்டுல யாரு கேட்டாலும் வெடிங்கிற பேச்சே எடுக்காத. சிவகாசிப் பக்கம்னு வாயத் திறக்காத. அக்கா டீச்சரா இருக்கான்னு சொல்லு."

டீச்சராம்ல டீச்சர்! பத்தாவதோட நின்னு பன்னெண்டு வருசம் வெடிமருந்து கலக்குற செட்டுல வெந்தவ நீ. எந்த ஊருலக்கா ஒருத்தி தன்னைத்தானே அழிச்சுட்டுத் தங்கச்சிய வழியனுப்புவா? உம்மேல எனக்கு முதல் கோவம் அதுதான். அதக் கேட்டுத் தலையாட்டுன எம்மேல ரெண்டாவது கோவம்.

ஏர்ப்போர்ட்டுல ஒரு காக்கி உடுப்பு மேடம் சின்னத் துணித் துண்ட வச்சுப் பையத் தேய்ச்சு, ஒரு மிஷினுக்குள்ள விட்டாங்க. மிஷின் கத்துச்சு. பூட்ஸத் தேய்ச்சாங்க, மறுபடி கத்துச்சு. வெடிமருந்து எங்கன ஒட்டியிருந்தாலும் அது மோந்து பாத்துருமாம். நம்ம சோப்பெல்லாம் அதுக்கு எம்மாத்திரம்?

"வீட்ல யாராச்சும் பட்டாசு வேலை பாக்குறாங்களாம்மா?" தன்மையாத்தான் கேட்டாங்க.

"இல்ல மேடம்."

"கூடப் பிறந்தவங்க?"

"அக்கா மட்டும்தான் மேடம். டீச்சர்."

அப்பத்தான் உள் ஜிப்புல இருந்து ஒரு அட்டைய எடுத்தாங்க. உன் கம்பெனி அட்டை. பிளாஸ்டிக் உறை போட்டதால நீ அலசுன அலசுக்கும் ஒண்ணும் ஆகல. உன் போட்டோ, உன் பேரு, கீழ "மருந்து கலவை"ன்னு வேலை.

"இது யாரு?"

முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தேன்க்கா. உன் மூக்கும் என் மூக்கும் ஒரே அச்சு. அந்த மேடம் அட்டையப் பாக்குறாங்க, என்னையப் பாக்குறாங்க. நான் சொன்னேன், "தெரியாது மேடம்."

உன்னைய யாருன்னு தெரியாதுன்னு சொன்னேன்க்கா.

அதுக்கப்புறம்தான் உக்கார வச்சாங்க. பை கத்துனதுக்கு இல்ல, பொய் சொன்னதுக்கு. இன்னும் ரெண்டு பேரு வந்தாங்க, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க, எழுதி வாங்குனாங்க. கடைசியில காலேஜுக்குப் போன் போட்டு, எங்க விளையாட்டு ஆசிரியர் கதிரேசன் சார் உள்ளதச் சொன்ன பிறகுதான் விட்டாங்க. அதுக்குள்ள பிளைட்டு போயிருச்சு. அட்டைய அவங்களே வச்சுக்கிட்டாங்க. அடுத்த பிளைட்டு, அதுக்கடுத்த பிளைட்டுன்னு மாறி நான் போய்ச் சேர்ந்தப்ப மூணு நாள் ஆட்டம் முடிஞ்சு, யாரை எடுக்குறதுன்னு பாதி முடிவும் ஆகிப்போச்சு.

இங்க நீ அட்டையக் காணோம்னு வீட்டையே கவுத்துப்போட்டுத் தேடிக்கிட்டு இருந்தே. நான் திரும்பி வந்தப்பவும் தேடுனே. "உனக்கெல்லாம் அட்டை ஒரு கேடா"ன்னு போர்மேன் எல்லாரு முன்னாடியும் ஏசுனான்னு வந்து சொன்னே. நான் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். அப்பச் சொல்லியிருக்கலாம்ல? என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

இன்னொன்னக் கேளு. இத நினைச்சாத்தான் எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறுது. தேர்வுக்கு வந்தவளுகள்ல பாதிப் பேரு அமெரிக்காக் காலேஜுல ஆடுன புள்ளைக. படிப்பு முடிஞ்சு, அவளுக ஊருல கிளப்பு கிடைக்காம, டென்மார்க், சுவீடன், நார்வேன்னு ஒவ்வொரு கிளப்பா ஏறி இறங்குறாளுக. இங்கன இல்லன்னா அங்கன, ரயிலேறிப் போயிருவாளுக. எனக்கு இருந்தது அந்த ஒரே வாசல். அந்த அமெரிக்காப் புள்ளைகள்ல மேகன்ங்கிற ஒருத்தி எங்கூட ஒரே ரூம்பு. நல்ல புள்ள, சும்மா சொல்லக்கூடாது. ஏன் லேட்டுன்னு கேட்டா. பையில எதையோ பாத்து நிறுத்திட்டாங்கன்னேன்.

அவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. "எம் பையும் கத்துச்சு! எங்கப்பா வேட்டைக்குக் கொண்டு போற பை, துப்பாக்கி மருந்து ஒட்டியிருக்கு. அப்பாவோடதுன்னு சொன்னேன். என்ன சுட்டாருன்னு கேட்டாங்க. மானுன்னேன். பத்து நிமிசத்துல விட்டுட்டாங்க."

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. அவ அப்பன் பொழுதுபோக்குக்கு மானச் சுட்டது தமாசு. நீ ஊரு உலகத்துக்குத் தீபாவளி செஞ்சு குடுத்தது சந்தேகம். ஆனா ஒண்ணு யோசிச்சேன். அவ ஒளிவு மறைவில்லாம "எங்கப்பா"ன்னா. நான் "தெரியாது"ன்னேன். நானும் "எங்கக்கா"ன்னு சொல்லியிருந்தா பத்து நிமிசத்துல விட்டிருப்பாங்களா? இல்ல, அப்பவும் உக்கார வச்சிருப்பாங்களா? யாரக் கேக்க?

உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும்னு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். தீபாவளி சீசன் முடியட்டும், நீ அலுப்பில்லாம உக்காரட்டும்னு. அதுக்குள்ள தாயில்பட்டி ரோட்டுல வேன் கவுந்துச்சு. பதினஞ்சு பேரு போற வேன்ல முப்பது பேர அடைச்சிருந்தாக. மத்தவுகெல்லாம் அடிபட்டாலும் உசுரோட வீடு வந்தாக, நீ மட்டும் வரல.

துக்கத்துக்கு வந்தவுக கேட்ட முதக் கேள்வி, "வெடியிலயா?" இல்ல, வேன்லன்னா, "ஓ, வேனா"ன்னு ஒரு இழுப்பு. வெடியில செத்தாத்தான் சாவா? கம்பெனியில இருந்து ஒருத்தர் மாலையோட வந்தாரு. "ஆலைக்குள்ள நடந்திருந்தா நாங்க பாத்திருப்போம், இது ரோட்டுல நடந்ததும்மா"ன்னாரு. உங்க ஆலைக்கு ஆளேத்தாம அந்த வேனு யாரு வீட்டுக் கல்யாணத்துக்குப் போச்சுன்னு கேட்டேன். அம்மா இழுத்துக்கிட்டுப் போயிட்டா. நஷ்டஈடு கேட்டு சூலக்கரை கவர்மெண்டு ஆபீசுக்கு நாலு தடவை அலைஞ்சாச்சு. அங்கனயும் அதே பேச்சுதான். ஏர்ப்போர்ட்டுல நான் சொன்னதத்தானே இவுகளும் சொல்லுறாக? அவ யாருன்னு எங்களுக்குத் தெரியாது. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவுகளக் கேக்க?

இப்ப ஒரு சேதி. அந்த இருபது நிமிசத்துல அந்த ஊருக் கோச்சு எதையோ பாத்திருக்காரு. "இடது காலு நல்லாருக்கு, முழுசாப் பாக்கணும், திரும்ப வா"ன்னு போன வாரம் மெயில் வந்துருக்கு. நாலு நாளும் ஆடலாமாம்.

கதிரேசன் சாருக்குத் தலைகால் புரியல. "இந்தத் தடவை புதுப் பை வாங்கிரு. வீட்ல என்ன வேலைன்னு கேட்டா காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸுன்னு சொல்லிரு, வம்பே இல்ல"ன்னாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு. ஆனாலும் கத்திட்டேன்க்கா. "எங்க வீட்ல யாரும் காலண்டர் அடிக்கல சார்"னு கத்துன கத்துல கிரவுண்டுல ஓடிக்கிட்டிருந்த புள்ளைகெல்லாம் நின்னுருச்சுக.

சத்தியமாச் சொல்றேன். மிஷின் கத்துனாலும் சரி, கத்தாட்டியும் சரி, கேட்டா மட்டும் இல்ல, கேக்காட்டியும் உன் பேரச் சொல்லுவேன். அதுக்குத்தான் டிக்கெட்ட ரெண்டு நாள் முன்னாடியே போடச் சொல்லிட்டேன். "எதுக்கும்மா அம்புட்டு சீக்கிரம்?"னாரு சார். "ஏர்ப்போர்ட்டுல எங்கக்காவப் பத்திச் சொல்ல வேண்டியிருக்கு சார், நேரம் ஆகும்"னேன்.

பட்டாசு ஆலையில மருந்து கலந்த பாண்டிச்செல்வியோட கூடப் பிறந்தவ,
முனீஸ்வரி