பிரேக் ஒன்று, வண்டி மூன்று: என் புகாரை நானே திரும்பப் பெறுவது குறித்து

அனுப்புநர்:
பழைய ஃபோர் வீல் டிரைவ் பயணக் குழுவின் தலைவர் (உறுப்பினர்கள்: என்னையும் சேர்த்து மூவர்),
'பட்டத்து யானை' என்னும் நாற்பத்தாறு வயது டிரக்கின் உரிமையாளர்.
(பெயரும் முகவரியும் என் முதல் மனுவில் கொட்டை எழுத்தில் உள்ளன.)

பெறுநர்:
உயர்திரு போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வாகனத் தகுதிச் சான்று அலுவலகம்.

பொருள்: வாகன ஆய்வாளர் அம்மையார் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுதல் – வரும் திங்கட்கிழமை விசாரணையைக் கைவிடக் கோருதல் – அதே புகாரை என் மீது திருப்பிவிடுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார் மனு, ஒன்பது பக்கம். 2. தங்கள் அலுவலகக் கடிதம், அரைப் பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நானும் என் மனைவியும் என் சகலை, மைத்துனர் குடும்பத்தாரும், ஆகப் பதினொரு பேர், கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க நலமாக உள்ளோம். இது மரியாதைக்காக எழுதும் வரி அல்ல. நலமாக இருப்பதற்கான காரணத்தைத்தான் தாங்கள் ஆவண அறைக்கு மாற்றியிருக்கிறீர்கள். அது குறித்தே இம்மனு.

1. எங்கள் மூவரிடமும் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில் பிறந்த மூன்று பழைய டிரக்குகள் உண்டு. என்னுடையது பட்டத்து யானை. மைத்துனருடையது பீரங்கி. சகலையுடையதற்குப் பெயர் கிடையாது, அவருக்கு அவ்வளவு கற்பனை போதாது. மூன்றும் குடும்பத்தோடு சேர்ந்து, வறண்ட ஆற்றுப்படுகையில் இறங்கி, பாறை மேட்டில் ஏறி, கைவிடப்பட்ட கல்குவாரி வழியாக மறுபக்கம் இறங்குவதாகத் திட்டம். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்துக் கூட்டம் போட்டோம். யார் முன்னால் போவது என்ற ஒரு தீர்மானத்துக்கே மூன்று ஞாயிறு ஆனது. உலகப் போர்களைக்கூட இவ்வளவு யோசித்து நடத்தியிருக்க மாட்டார்கள் என்பது என் பணிவான கருத்து.

2. இவ்வளவு யோசித்தும் பிரேக்கை யோசிக்கவில்லை. மூன்று வண்டிகளிலும் மாஸ்டர் சிலிண்டர் ஒழுகியது. பிரேக்கை மிதித்தால் எண்ணெயை நான்கு சக்கரங்களுக்கும் தள்ளிவிடுவது அதுதான். இந்தக் காலத்து வண்டிகளில் ஒரு குழாய் போனால் இன்னொன்று காப்பாற்றும். எங்கள் காலத்து வண்டியில் அது போனால் எல்லாம் போச்சு. எங்கள் மெக்கானிக் மூன்று மாதம் தேடி, பூமியில் மிச்சமிருந்த ஒரே ஒரு புதிய சிலிண்டரோடு வந்தார். "ஒண்ணுதான் கெடச்சுது. எந்த வண்டிக்கு மாட்டட்டும்?" என்று கேட்டார். "மூணுக்கும்" என்றேன். அந்த ஒற்றைச் சொல்லுக்குரிய முழுப் பொறுப்பும் என்னுடையது.

3. அதன்படி, திங்களன்று பட்டத்து யானைக்கு மாட்டிச் சோதனைத் தளத்துக்குக் கொண்டுவந்தோம். தேர்ச்சி. சாயங்காலமே கழற்றிப் பீரங்கிக்கு மாட்டி, எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, செவ்வாயன்று கொண்டுவந்தோம். தேர்ச்சி. புதனன்று சகலையின் வண்டி. மற்ற இரண்டிலும் பழைய ஒழுகல் சிலிண்டரே திரும்பக் குடியேறியது. "மலையில என்ன பண்றது?" என்று சகலை கேட்டதற்கு என் மைத்துனர் சொன்ன பதிலைத் தாங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்: "பிரேக் இருக்கிற வண்டி முன்னாடி போகட்டும் அத்தான். நாம பின்னாடியே வந்து அதுமேல சாஞ்சுக்கலாம்." இத்தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வண்டிகளில் உட்காரப்போகும் எட்டுப் பேரிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

4. ஆய்வாளர் அம்மையார் தாம் பார்த்து முடிக்கும் ஒவ்வொரு பாகத்திலும் மஞ்சள் கிரேயானால் ஒரு கோடு போடுவார். திங்களன்று போட்ட கோட்டை மெக்கானிக் பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டார். செவ்வாயன்று போட்ட கோட்டை நான் துடைத்திருப்பேன் என்று மைத்துனரும், மைத்துனர் துடைத்திருப்பார் என்று நானும், இருவரும் சேர்ந்தே துடைத்திருப்போம் என்று சகலையும் நிம்மதியாக இருந்துவிட்டோம். புதனன்று அவர் பானெட்டைத் திறந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், இந்த சிலிண்டரை நான் நேத்தே செக் பண்ணிட்டேனே?" என்றார். நான், "உங்க கைராசி மேடம், நீங்க தொடுறதுக்கு முன்னாடியே கோடு விழுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர் மட்டும் சிரித்தார். முன்பு கொடுத்த இரண்டு சான்றுகளும் அங்கேயே ரத்தாயின, மூன்றாவது கிடைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பயணமும் அதோடு போயிற்று.

5. அன்று மாலையே கோபத்தில் ஒன்பது பக்கம் எழுதினேன். அதில் உள்ளவற்றைக் கீழ்க்கண்டவாறு திருத்திப் படிக்குமாறு வேண்டுகிறேன்.

கொளுத்தும் வெயிலில் ஏழு மணி நேரம் நிற்க வைத்தார் என்று எழுதியிருந்தேன். இருபது நிமிடம். தகரக் கொட்டகையின் நிழல். நான் உட்கார்ந்திருந்தது அவருடைய நாற்காலி.

நாங்கள் பட்ட அவமானத்தைக் கண்டு ஐந்நூறு பொதுமக்கள் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தேன். இருந்தவர் மேற்படி லாரிக்காரர் ஒருவரே. அவர் என்ன செய்தார் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

சிங்கம்போல் கர்ஜித்தார் என்றது, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெளிச்சம் மறைக்குது" என்று அவர் சொன்னதை.

இனி வருவதுதான் முக்கியம், ஐயா. ஆறாம் பக்கத்தில், 'அவர் எங்களிடம் எதையோ எதிர்பார்த்து நின்றார், அது கிடைக்காததால்தான் ரத்து செய்தார்' என்று எழுதினேன். அவர் எதிர்பார்த்தது டார்ச் லைட்டை. சகலை எடுத்துக் கொடுத்தார், அவரும் வாங்கி அடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இதைப் படிப்பவர் வேறு என்ன நினைப்பார் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். மற்றவை என் வாய்க்கொழுப்பு, இது பொய். இந்த ஒரு வரிக்காகத்தான் விசாரணை என்று தங்கள் கடிதத்தில் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. முப்பது ஆண்டுகளாகக் குடிநீர், தெருவிளக்கு, பக்கத்து வீட்டுச் சேவல் எனப் பல அலுவலகங்களுக்கு மனு எழுதி வருகிறேன். ஒன்றைக்கூட யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதியதை, தாங்கள் ஒருவர் முழுதாகப் படித்துவிட்டீர்கள்.

6. பயணம் ரத்தான ஞாயிறன்று நடந்தது இது. மனம் ஆறாமல், யானையைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வாசலிலாவது நிறுத்திப் பார்ப்போம் என்று கிளப்பினேன். கொட்டகைக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருபது அடிச் சரிவு. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி, அடுப்பில் பால் பொங்கும் வாசனை வரவே, "ஏங்க, நான் வர்ற வரைக்கும் இதை நகத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். நான் நகர்த்தினேன். மிதித்தேன். பெடல் வெண்ணெயில் வைத்த கால்போலத் தரைவரைக்கும் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. (இதில் மிகை இல்லை. இப்போது மேசைமேல் இருக்கிறது.) யானை துணிக்கொடியை இழுத்துக்கொண்டு போய் மதில் சுவரில் முட்டி, சுவரில் பாதியைத் தெருவில் தள்ளிவிட்டு நின்றது. தெருவில் யாரும் இல்லை. எனக்கு நெற்றியில் ஒரு சின்ன வீக்கம்.

என் மனைவி பால் பாத்திரத்தோடு வெளியே வந்து, தாம் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் யானையின் பின்சக்கரம் இருந்தது. அவர் திட்டவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு திட்டினார். ஐயா, ஒருவர் திட்டுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

இது இருபது அடிச் சரிவு. குவாரி இறக்கம் முக்கால் கிலோமீட்டர், ஒரு பக்கம் பள்ளம். அன்று அந்நேரம் நாங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். சகலையின் இரண்டு மகள்களும் யானையின் பின்பக்கத்தில்தான் உட்காருவோம் என்று ஏழு வாரமாக அடம்பிடித்து இடம் வாங்கி வைத்திருந்தார்கள்.

7. தங்கள் கடிதம் செவ்வாயன்று வந்தது. நேற்று நேரில் வந்தேன். விசாரணை முடியும்வரை தாங்கள் அவரை மாற்றியிருக்கும் ஆவண அறையில், கூரைவரை அடுக்கிய கோப்புகளுக்கு நடுவே அம்மையார் பழைய பதிவேடுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். அதிலும் மஞ்சள் கிரேயான்தான். கோபத்தோடு நாலு வார்த்தை கேட்பார் என்று தயாராகப் போனேன். சுவர் விழுந்த செய்தி மெக்கானிக் மூலம் அவருக்குப் போயிருந்தது. "வீட்ல யாருக்கும் அடி இல்லையே சார்?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். "அப்ப சரி" என்று அடுத்த பதிவேட்டை எடுத்தார். பத்து ஆளுக்குச் சேர்த்துப் பேசும் நான், நேராக வீட்டுக்கு வந்து இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

எனவே ஐயா அவர்களிடம் வேண்டுவது: என் புகாரைத் தள்ளுபடி செய்ய வேண்டும். தள்ளுபடி செய்தது மட்டும் போதாது, அது இருக்கும் கோப்பில் இம்மனுவை அதன் மேல் வைத்துத் தைக்க வேண்டும். நாளை யார் திறந்தாலும் ஆறாம் பக்கத்துக்கு முன்னால் இதைத்தான் படிக்க வேண்டும். பொய்ப் புகாருக்கும், ஒரு சிலிண்டரை மூன்றாகக் காட்டியதற்கும் சட்டப்படி என்ன நடவடிக்கையோ அதை என் மீது எடுக்கலாம். மெக்கானிக்கை விட்டுவிடவும், அவர் கேள்விதான் கேட்டார். விசாரணை நடத்தியே ஆக வேண்டுமென்றால், சாட்சியாக என் மனைவி வருவார். முப்பத்தோரு ஆண்டுகளில் அவர் ஒரு விஷயத்திலும் எனக்குச் சாதகமாகப் பேசியதில்லை என்பதால், அவர் சொல்வதைத் தாங்கள் தாராளமாக நம்பலாம்.

அம்மையார் அவரது சோதனைத் தளத்துக்கே திரும்ப வேண்டும். அவர் வந்த மறுநாள் காலை, புதிய சிலிண்டர் உள்ள சகலையின் வண்டியை மட்டும், சான்று இல்லாததால் ஓட்டாமல், கயிறு கட்டி இழுத்து வந்து வரிசையில் நிற்போம். மற்ற இரண்டும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து வீட்டில் நிற்கின்றன. இழுத்து வந்த அந்த ஒன்றையும் அவர் ஆகாது என்று சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு நாங்கள் மூவரும் நடந்தே வீடு திரும்புவோம்.

தங்கள் ஆணையைத் திங்கட்கிழமைக்கு முன்பே எதிர்பார்த்து,

இடம்: வீடு
நாள்: வியாழக்கிழமை, காலை

இப்படிக்கு,
(ஒப்பம்)
பயணக் குழுத் தலைவர்

மேற்கண்டவை உண்மை என ஒப்புக்கொள்கிறோம்:
(ஒப்பம்) சகலை
(ஒப்பம்) மைத்துனர் – சாய்ந்துகொள்ளும் யோசனை என்னுடையதே.