சத்தியராஜின் மரங்களில் நான் வெட்டிய காயம்

அன்புள்ள மகன் ஜிஜோவுக்கு, பாறசாலையிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல உன் அக்காள் ஜிஜா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிறோம், நீயும் பிள்ளைகளும் குவைத்தில் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. என்னோடு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த சத்தியராஜை வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். அன்று மாலைதான் நீ போனில் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், பட்டியல் எழுதுவது நான்தான், கூட அறையில் இருக்கிற நிஜின் பெயரும் அதில் உண்டு என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை மக்கா, நீயாகவே நாலு காரணம் சொன்னாய், கம்பெனிச் சரக்கை அவன் மாற்றி அனுப்பினான் என்பது அதில் ஒன்று. அதனால்தான் இந்தக் கடிதம், போனில் என்றால் குறுக்கே பேசுவாய்.

நீ சொன்ன ரேஷனலைசிங் என்ற சொல்லை ஜிஜாவிடம் கேட்டேன். ஆளைக் குறைத்துத் தொழிலைச் சீராக்குவதற்கும் அதுதான் பேராம், செய்த தப்புக்குப் பிறகு நியாயம் கண்டுபிடிப்பதற்கும் அதுதான் பேராம், கணக்குப் பாடத்தில்கூட வருமாம். எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, ஆனால் முதல் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தவன் நான்.

அம்பூரியில் மலை இடிந்து வீடுகள் மண்ணுக்குள் போன வருஷம் அது, ரப்பர் விலையும் தரையில் கிடந்தது, நீ அஞ்சாம் வகுப்பு. தோட்டத்தில் நான் மேஸ்திரி. ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டினது போதும், இனி மூன்று நாளைக்கு ஒருமுறை, மரத்தைக் காயப்படுத்துகிற மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்து என்றார் முதலாளி. எனக்கு எழுதத் தெரியாதே, நிறுத்த வேண்டியவனின் வரிசையில் முதல் மரத்துக்குச் சுண்ணாம்பு பூசச் சொன்னார். சத்தியராஜின் மரங்களில் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே தடிவரை இறங்கிய காயம் பதினாறு இருந்தது. அவன் மனைவி ரத்னபாயின் ஆபரேஷனுக்காக அவன் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரம் அந்த மரங்களை வெட்டியவன் நான். எனக்கு அப்போதே கண்ணில் புரை. தெரிந்தால் என்னைத்தான் நிறுத்துவார்கள். அவனுக்கு மரச்சீனிக் கிழங்கு போட நிலம் உண்டு, அண்ணன் பார்த்துக்கொள்வான், எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பூசினேன். சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை மக்கா.

காலையில் அவன் சுண்ணாம்பைப் பார்த்தான், காயத்தை விரலால் தடவினான். "எலே ஈசாக்கே, இது ஆருக்க வெட்டாக்கும்?" என்றான். "ஒனக்க மரம், ஒனக்க வெட்டாக்கும்" என்றேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான். அதன்பிறகு காட்டாக்கடையில் செங்கல் சுமந்தான். சபையில் இருபத்து நாலு வருஷம் நான் நுழையும் வாசல் வழி அவன் நுழைந்ததில்லை. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன், அதற்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

நிஜின் உன்னோடு ஏழு வருஷம் ஒரே அறையில் கிடந்தவன். அந்தச் சரக்கு மாறிப் போனது உன் கைப்பிசகு என்று நீயே முன்பு அம்மாவிடம் சொன்னாய். பட்டியலைக் கொடுக்குமுன் அதை மேலே உள்ளவர்களிடம் சொல்லு. உன் வேலை போனால் வா, சோறு உண்டு.

பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதே. கர்த்தர் உன் கையையும் நாவையும் காக்கட்டும். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சத்தியராஜின் வீட்டுக்குப் போகிறேன், ஜிஜா கைபிடித்துக் கூட்டிப்போவாள். நான் சொல்லியிருக்க வேண்டிய முதலாளி இறந்துபோனார், நிறுத்தின மற்ற இரண்டு பேரும் இறந்துபோனார்கள். அந்த மூன்று வாரமும் அவன் ரத்னபாயின் பக்கத்தில்தான் இருந்தான், அது என் வெட்டு என்று அப்போதே தெரிந்தவர்களில் இனி உயிரோடிருப்பது அவள் ஒருத்திதான்.

இப்படிக்கு,
உன் அப்பா ஈசாக் (கைநாட்டு)