உன் காம்பராவுல இருந்த ஓட்டை

உன் போட்டோவுக்கு மேல எரியுற சின்ன செவப்பு பல்பு இன்னைக்கு காலையில ப்யூஸ் போயிருச்சு. டைரக்டர் என்னையக் கூப்பிட்டு மாத்தச் சொன்னாரு. ஆபீஸ்ல நான்தான் டெக்னிக்கல் ஆளாம். ஸ்டூல் போட்டு ஏறி பல்பக் கழட்டுனேன். உன் மூஞ்சியில படிஞ்சிருந்த தூசியத் தொடச்சேன். நம்ம கல்யாணப் படத்துல இருந்து என்னைய வெட்டிட்டு, உன்னைய மட்டும் பெருசாக்கி மாட்டியிருக்காங்க. உன் தோள்பட்டைக்குப் பக்கத்துல என் கோட்டுக் கை கொஞ்சம் தெரியுது. அத மறைக்கத்தான் பிளாஸ்டிக் மாலை.

எறங்கி நின்னு பாத்தேன். நீ இருக்கறப்ப ஆடாத நாக்காலி ஒன்னு கேட்டே, கடைசி வரைக்கும் வரல. செத்ததும் தனி பல்பு, தனி சுவிட்சு. என்னா மரியாதை.

இந்த மாடிக்கு நீ மொத நாள் வந்தது ஞாபகம் இருக்கு. கீழ பேக்கரியில பாண் வேகுற வாசம் படிக்கட்டு வரைக்கும் வரும். தேயிலைத் தோட்டத்துப் புள்ளைகளுக்கு கம்பியூட்டர் சென்டர் தொறந்து குடுக்கற திட்டம்னு போர்டு. எங்க வேலை லேசானதுதான். வெளிநாட்டுல கழிச்சுப்போட்ட பழைய கம்பியூட்டருங்க பெட்டி பெட்டியா வரும். அதுகள ஒரு சர்வரோட கேபிள்ல இணைச்சு, ஒரே தடவையில எல்லாத்துலயும் லினக்ஸ ஏத்துற சாப்ட்வேர் ஒன்னு இருந்துச்சு. எந்தெந்த நாட்டு ஆளுங்களோ எழுதி, யார் வேணும்னாலும் மாத்திக்கங்கன்னு சோர்ஸ் கோட்டோட சும்மா குடுத்தது. நாங்க அதுக்கு தமிழ் சேத்தோம். மெனு, எழுத்து, கீபோர்டு. சேத்துட்டு அந்த கோட்ட ஓடுற புரோகிராமா மாத்தணும், அதுதான் பில்ட்.

பில்ட், எங்ககூட வேலை பாக்கற ரமேஷ் கையில இருந்துச்சு. அவன் மிஷின்ல மட்டும்தான் அது முடியும். வேற மிஷின்ல ஓட்டுனா பாதியில நிக்கும். ஹாலிஎல சென்டர்ல நின்னுச்சு, அப்புத்தளையில நின்னுச்சு. போன் பண்ணுனா "என் மிஷின்ல ஓடுதே"ம்பான், தப்பு ஹாலிஎல மேலங்கற மாதிரி. நீ வந்து அவன் மிஷினத் தொறந்து பாத்தே. கேம்ஸ், படப்பாட்டு, எங்கேயோ எறக்குன லைப்ரரிங்க, எதுக்குன்னு அவனுக்கே ஞாபகம் இல்ல.

"ரமேஷ் அண்ணே, இது மிஷினா கோயில் உண்டியலா? யார் எத போட்டுட்டுப் போனாங்கன்னே தெரியலையே" ன்னு நீ கேட்டே. சிரிக்காம கேட்டே. அன்னைக்குத்தான் நான் உன்னைய சரியா பாத்தேன்.

அப்பறம் நீ உன் மிஷினுக்குள்ளேயே ஒரு போல்டர் போட்டு, பில்டுக்கு என்ன வேணுமோ அத மட்டும் எண்ணி எண்ணி உள்ள வச்சே. அதுக்குள்ள ஓடுற புரோகிராமுக்கு அந்த போல்டர்தான் ஒலகம். வெளிய என்ன கெடக்குதுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. புஸ்தகத்துல அதுக்கு ஜெயிலுன்னு பேரு. ரமேஷும் ஜெயிலுன்னான். நீ காம்பரான்னே.

தோட்டத்து லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவங்களுக்கு வேற வெளக்கம் வேணாம். ஒரே காம்பரா, அதுலயே அடுப்பு, படுக்கை, சாமி படம். நடுச்செவுரு கூரை வரைக்கும் போகாது. உப்பு தீந்தா செவுத்துக்கு மேல கைய நீட்டுனாப் போதும், அந்தப் பக்கத்துல இருந்து டம்ளர்ல வரும். யாரும் கணக்கு வைக்கறதில்ல. அதையே நம்ம ஆளுங்க கம்பியூட்டர்லயும் செய்றாங்கன்னு நீ சொல்லுவே. இல்லாதத பக்கத்து மிஷின்ல இருந்து எடுத்துக்குவாங்க, எடுத்ததையே மறந்துருவாங்க, பெறகு வேற ஊர்ல போய் சமைக்க ஒக்காந்தா உப்பு இருக்காது.

"செவுத்த கூரை வரைக்கும் எழுப்புங்க. உள்ள இருக்கறத வச்சு சமைக்க முடியலன்னா நமக்கு சமைக்கத் தெரியலன்னு ஒத்துக்கிடணும்." எல்லாரும் இருந்த மீட்டிங்ல இத சொன்னே. டைரக்டர் தலையாட்டுனாரு, நீ ஏதோ லயத்து வீடமைப்பு பத்தி பேசுறேன்னு நெனச்சிருப்பாரு.

அதோட நிக்கல நீ. காம்பராவ எங்கயும் தூக்கிட்டுப் போக வேணாம், அத கட்டுற விதத்த ஒரு ஸ்கிரிப்டா எழுதியாச்சு, மொட்ட மிஷினக் குடுத்தா அதுவே கட்டிக்கிட்டு நிக்கும்னு பீத்திக்குவே. அதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் சீடியில. பதுளை போன் லைன்ல எதையும் எறக்க முடியாதுன்னு கொழும்புல இருக்கற சிநேகிதிகிட்ட சொல்லி சீடியில ஏத்தி வாங்கி, கைப்பையில போட்டு ரயில்ல மடியில வச்சே கொண்டு வந்தே. மொட்ட மிஷின்ல ஒரு தடவையும் ஓட்டிப் பாத்ததில்ல. உபரியா மிஷின் எங்க இருந்துச்சு, வந்ததெல்லாம் சென்டருக்கே பத்தல.

தமிழ் எழுத்துல கொம்பும் காலும் வெலகி வெலகி நிக்கறத சரி பண்றது என் வேலை. கல்யாணத்துக்குப் பொறவும் ஆபீஸ்ல நீ என்னைய விட்டுவைக்கல. ங்க போட்டே திட்டுவே. "நீங்க நேத்து சரி பண்ணுனீங்கன்னு சொன்ன எழுத்து, இன்னைக்கும் நொண்டிக்கிட்டுத்தான் வருதுங்க." வீட்டுக்கு வந்து அதே வாயால சோறு போடட்டான்னு கேப்பே.

அப்பறம் உனக்கு காய்ச்சல் வந்துச்சு. கொறையல. நீ செத்துட்டே. இதுக்கு மேல அதப்பத்தி எழுத என்கிட்ட ஒன்னும் இல்ல.

மத்தவங்ககிட்ட நெறைய இருந்துச்சு. கருமாதி முடியுறதுக்குள்ள என் பெரியம்மா எல்ல டவுன் பக்கத்துத் தோட்டத்துல ஒரு பொண்ணு இருக்குன்னு ஆரம்பிச்சாங்க. வயசு இருக்கு தம்பி, எத்தன நாளைக்கு கடையில சாப்புடுவே, அந்தப் புள்ளைக்கு கம்பியூட்டரும் தெரியுமாம்னாங்க. பாகம் கெட்டா பாகம் மாத்துற மாதிரி. நான் பிளேன்டியக் குடிச்சுட்டு கிளாஸ கீழ வச்சேன். தலையாட்டுனேன்னு அவங்களா நெனச்சுக்கிட்டு, ஜாதகம் கேட்டு ஆள் விட்டிருக்காங்க. அந்தப் பொண்ணு பாவம்.

லீவு முடிஞ்சு ஆபீஸுக்குப் போனேன். உன் மேசை சுத்தமா இருந்துச்சு. மிஷின காணோம். நம்ம டைரக்டர் யாழ்ப்பாணத்து மனுசன், பதுளையில அரசாங்க உத்தியோகம் பாத்து ரிட்டயர் ஆகி இந்தத் திட்டத்துக்கு வந்தவரு, ஒனக்குத் தெரியாததா. என்னைய ஒக்கார வச்சு ரொம்ப மெதுவா பேசுனாரு.

"தம்பி, உம்மட துக்கம் எங்களுக்கும் விளங்குது. ஆனா மெஷின் ஒண்டு சும்மா கிடந்தது. எக்ஸ்பேட்டுக்குக் குடுத்திட்டம். அவர் அதைத் துப்புரவா அழிச்சுப்போட்டு தன்ர சிஸ்டத்தப் போட்டிட்டார்."

உன் போட்டோவுக்கு ஆணி அடிச்ச அதே வாரத்துல உன் மிஷின வழிச்சு எடுத்துட்டாங்க. காம்பரா போச்சு.

எக்ஸ்பேட்டுன்னு அவரு சொன்னது எக்ஸ்பர்ட்ட, கொழும்புல இருந்து புதுசா வந்தவரு. கழுத்துல ஒரு அட்டை தொங்கும், அது இல்லாட்டி அவருக்கே அவரு யாருன்னு சந்தேகம் வரும் போல. அவரு திட்டம் என்னன்னா, அவரு லேப்டாப்புல இருக்கற சிஸ்டத்த அப்பிடியே நகல் எடுத்து எல்லா மிஷின்லயும் ஊத்தறது. அவரு பேரு, அவரு பாஸ்வேர்டு, அவரு புள்ளையோட பொறந்தநாள் படம், எல்லாம் சேந்தே போகும். மெனு முழுக்க இங்கிலீஷ். தமிழ் எப்ப சார்னு கேட்டேன். அது ரெண்டாவது கட்டத்துலன்னாரு. ரெண்டாவது கட்டத்த இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் யாரும் கண்ணால பாத்ததில்ல.

அடுத்து தொறக்கறது எந்த சென்டர் தெரியுமா. உங்க தோட்டம். அப்புத்தளைக்கு மேல, பழைய புள்ளமடுவம், உங்கம்மா கொழுந்தெடுக்கப் போறப்ப உன்னைய தொட்டில்ல விட்டுட்டுப் போன எடம். வெள்ளையடிச்சு மேசை போட்டிருந்தாங்க. தமிழ்ல படிக்கற புள்ளைங்க வந்து ஒக்காந்து, எக்ஸ்பர்ட்டு புள்ள கேக் வெட்டுறத இங்கிலீஷ்ல பாக்கணும்.

நம்ம சாப்ட்வேர் இருக்கேன்னு டைரக்டர்கிட்ட சொன்னேன். எங்க இருக்குன்னு கேட்டாரு. கேள்வி சரிதான். திறப்பு விழாவுக்கு முந்தி நீர் ஆபீஸ் மிஷின் ஒன்னுல பில்ட் பண்ணிக் காட்டும், காட்டினா அதைப் போடுவம், இல்லாட்டி எக்ஸ்பேட் சொல்றதுதான்னு முடிச்சாரு. எக்ஸ்பர்ட்டு சிரிச்சாரு. அனுதாபமாம்.

வீட்டுல உன் சீடி இருந்துச்சு, நம்ம கோடும் உன் ஸ்கிரிப்டும் நீ நகல் எடுத்து வச்சதும் இருந்துச்சு. கழிச்ச பாகங்கள வச்சு ஒரு மொட்ட மிஷின் பூட்டுனேன். ஞாயித்துக்கெழம மத்தியானம், வெளிய மழ. உன் ஸ்கிரிப்ட ஓட்டிவிட்டுட்டு ஒக்காந்தேன். சொன்ன மாதிரியே செவுரு எழும்புச்சு. ஒவ்வொரு சாமானா உள்ள போச்சு, கோடு கம்பைல் ஆகி வரி வரியா மேல ஓடுச்சு. எனக்கு சந்தோசமும் வரல, அழுகையும் வரல. கரண்ட் போயிறக்கூடாதுன்னு மட்டும் நெனச்சேன்.

முடியப்போற எடத்துல நின்னுருச்சு. தமிழ் எழுத்து பைல் இல்லையாம்.

ஸ்கிரிப்டத் தொறந்து பாத்தேன். நடுவுல ஒரு வரி. தமிழ் எழுத்த மட்டும் காம்பராவுக்குள்ள இருந்து எடுக்கல. ஆபீஸ் கேபிள் வழியா, என் மேசையில இருக்கற என் மிஷின்ல இருந்து, என் போல்டர்ல இருந்து எடுத்திருக்கே. செவுத்த கூரை வரைக்கும் எழுப்புன்னு ஊரையே திட்டுனவ, ஒரு கல்ல உருவி வச்சுட்டு கைய நீட்டியிருக்கே.

கோவம் வந்துச்சு. எத்தன பேர கேவலப்படுத்துன வாய். ரமேஷ உண்டியலுன்னு சொன்ன வாய். நீ ஏன் அப்பிடி செஞ்சேன்னு எனக்குத் தெரியும். நான் தெனமும் எழுத்த எதாவது சரி பண்ணிக்கிட்டே இருப்பேன், ஒவ்வொரு தடவையும் என்கிட்ட வந்து கேக்கறதுக்கு, நேரா எடுத்துக்கலாம்னு விட்டிருக்கே. ரமேஷ் மிஷின நம்பல, உன் சொந்த மிஷினையே நம்பல. என் மிஷின மட்டும் நம்பியிருக்கே. அத வாயால ஒரு நாளும் சொன்னதில்ல.

மறுநாள் போனா என் மிஷின்ல ரமேஷ் ஒக்காந்து சீட்டு வெளையாடிக்கிட்டு இருந்தான். சும்மாதானே கெடந்துச்சு மச்சான்னான். இந்த ஆபீஸ்ல ஆள் இல்லாட்டி எல்லாம் சும்மா கெடக்கற சாமான்தான். எந்திரிக்கச் சொல்லிட்டுப் பாத்தேன். அவன் பாட்டும் கேம்ஸும் வந்து ரொம்பியிருந்துச்சு, ஆனா என் போல்டர் இருந்த எடத்துலயே இருந்துச்சு. அழிக்கறதும் ஒரு வேலைதானே, அவன் செய்வானா. எழுத்து பைல் பொழச்சது எக்ஸ்பர்ட்டோட சுத்தத்தால இல்ல, ரமேஷோட சோம்பேறித்தனத்தால.

பக்கத்துலயே, யார் வந்து எடுத்தாங்கங்கற பதிவும் இருந்துச்சு. உன் மிஷின் பேரு கீழ வரைக்கும் வரிசையா. கடைசியா வந்தது, நீ தலைவலின்னு லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போன அன்னைக்கு காலையில.

ரமேஷ் என் தோளுக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான். பெறகு, "அத அப்பிடியே விட்டுரு மச்சான். எங்க பில்ட் பண்ணுனாலும் இந்த மிஷினையும் பக்கத்துல வச்சுட்டாப் போச்சு. அவ ஞாபகமாவும் இருக்கும்" ன்னான்.

நல்ல மனசோடதான் சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சல். ஞாபகமா இருக்கணும்னா போட்டோ இருக்கு, பல்பு இருக்கு. எழுத்து பைல எடுத்து மத்த சாமானோட காம்பராவுக்குள்ள வச்சேன். அந்த வரிய மாத்துனேன். அப்பறம் என் போல்டர அழிச்சேன், பதிவையும் சேத்து.

"அத எதுக்குடா அழிச்சே?"

"அது இருந்தா, ஓட்டை அடைஞ்சுச்சா இல்லையான்னு தெரியாது."

கேபிளயும் கழட்டிட்டு அதே மிஷின்ல, அவன் குப்பை எல்லாத்துக்கும் நடுவுல, உன் ஸ்கிரிப்ட ஓட்டுனேன். டைரக்டரும் எக்ஸ்பர்ட்டும் வந்து பின்னால நின்னாங்க. பழைய எடம் வந்துச்சு, நிக்கல. தாண்டுச்சு. முடிஞ்சுச்சு. மெனு தமிழ்ல வந்துச்சு, கொம்பு நேரா. டைரக்டர் நல்லம் நல்லம்னாரு. எக்ஸ்பர்ட்டு அவரு அட்டையத் தடவிக்கிட்டாரு.

விழாவுல எக்ஸ்பர்ட்டோட வழிகாட்டல்ல உருவான தமிழ் சாப்ட்வேர்னு பேசுனாங்க. பொன்னாடையும் அவருக்குத்தான். நான் பின்னால, தொட்டில் தொங்குன கம்பிக்குக் கீழ நின்னேன். உங்கம்மா மலையில இருந்து எறங்கி, கொழுந்துக் கறை கையோட வந்து, ஸ்கிரீன்ல இருந்தத ஒவ்வொரு எழுத்தா கூட்டி வாசிச்சாங்க. "தொடங்கு." வாசிச்சுட்டு, யாருகிட்டயும் ஒன்னும் கேக்காம வேலைக்குப் பேர் குடுக்கற மத்தியானப் பெரட்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. அன்னைக்கு பேசுன பேச்சுலயே அந்த ஒரு வார்த்தைதான் உருப்படி.

இப்ப அந்தக் காம்பரா எங்க வேணும்னாலும் எழும்பும். நீயும் வேணாம், நானும் வேணாம், என் மிஷினும் வேணாம். அப்பிடி ஆக்குனது நான்தான். நீ அரைகுறையா விட்டத நீ சொன்ன மாதிரியே முடிச்சேன். அதுக்காக உன் மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்.

போன வாரம் மீட்டிங்ல எக்ஸ்பர்ட்டு புதுசா ஒன்னக் காட்டிட்டு, அநேகமா எல்லா எடத்துலயும் வேலை செய்யும்னாரு. "அநேகமாங்கறது எந்தத் தோட்டத்துல இருக்குங்க சார்?" ன்னு ஒரு கொரல் கேட்டுச்சு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. பொண்டாட்டி செத்ததுல இருந்து இவனுக்கு வாய் கூடிப்போச்சுன்னு வெளிய பேசிக்கிறாங்களாம். நான் சாது, அது உனக்குத் தெரியும். இந்த எகத்தாளம் நீ விட்டுட்டுப் போனது.

அழுகை இன்னும் வரல புள்ள. இது மட்டும் நல்லா வருது.