இடுக்கில் நுழையாத ஹேண்டில்பார்

டேய் பிரகாசு, என் செல்லப் பொய்க்காரா,

உன் நண்பர்கள் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து உன்னோடு சைக்கிளில் இறங்கிய பையன்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சிரித்த முகம், தங்கமான மனசு, பயம் தெரியாதவன் என்றெல்லாம். "அக்கா, நீங்களும் நாலு வரி எழுதிக் குடுங்க" என்று இம்ரான் போன் செய்துகொண்டே இருக்கிறான். நீ போய் ஒரு வருஷம் முடிந்த பிறகு, எல்லோரும் எழுதி முடித்த பிறகு, கடைசி ஆளாக எழுதுகிறேன். நாலு வரியில் அடங்கவில்லை.

சந்தவாசலில் அம்மா நன்றாக இருக்கிறாள். போளூரில் நாங்களும் அப்படித்தான். மகி யூகேஜி போகிறாள். முன்பல் ஒன்று ஆடுகிறது. நீ இருந்திருந்தால் நூல் கட்டி இழுக்கிறேன் என்று அவளைத் துரத்திக்கொண்டு திரிந்திருப்பாய்.

அந்த ஹேண்டில்பாரைத் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டு ஹாலில் நீ தண்டால் எடுத்தாய். நான் எடுக்கச் சொன்னேன். கைகள் தரையில் தானாக எங்கே ஊன்றுகின்றனவோ, அந்த அகலம்தான் ஒருவனின் உடம்புக்கு ஏற்ற பாரின் அகலம் என்று எங்கோ படித்திருந்தேன். தையல் மெஷின் டிராயரில் இருந்த இஞ்ச் டேப்பை எடுத்து உன் இரண்டு கைக்கும் நடுவே பிடித்தேன். தவழ்ந்துகொண்டிருந்த மகி உன் வயிற்றுக்கு அடியில் புகுந்துவிட்டாள். நீ இறங்கவும் முடியாமல் எழவும் முடியாமல் கத்தினாய்.

"மச்சானுக்கு இன்னா, ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்று மகி அப்பா கிண்டல் செய்தார்.

"மாமா, மொதல்ல உங்க பொண்ண எடுங்க. கை நடுங்குது!"

உன் சைக்கிளோடு வந்த பழைய பார் குறுகலானது. கல் பாதையில் முன்சக்கரம் உதறினால் அடக்க முடியவில்லை என்று நீதான் சொன்னாய். இரண்டு கையும் விரிந்திருந்தால் சக்கரம் கையை மீறித் திரும்பாது. நெம்புகோல் கணக்குதான், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எடை குறையும் என்று நீ கார்பன் கேட்டாய். உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாது, அலுமினியமே எடு, நடுவில் நல்ல தடிமனாக இருப்பதைப் பார் என்றேன். ஒரு பாலூட்டும் தாய் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எந்த ஹேண்டில்பார் முறியும், எது முறியாது என்று படித்துக்கொண்டிருந்தது உனக்குச் சிரிப்பாக இருந்தது.

உன் கை அளவுக்கு எழுபத்தாறு சென்டிமீட்டர் போதும். நான் எண்பதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஏன் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் பலாப்பழக் காலத்தில் நீ எங்களை மலைக்கு அழைத்துப் போனாய். பாதை பெரிதாக வளைந்து இறங்கும் ஓர் இடத்தில், வளைவைச் சுற்றாமல் நேராக விழுவதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. அதைத் தாண்டினால் தரையே இல்லாதது போல ஒரு சரிவு. "பசங்க சில பேரு இதுல பூந்துடுவானுங்க" என்று நீ சொன்னபோது உன் கண்ணைப் பார்த்தேன். அக்காடா நான். துப்பட்டாவை அந்த இரண்டு பாறைக்கும் நடுவே இழுத்துப் பிடித்து, முடிச்சுப் போட்டு எடுத்துவந்தேன். வீட்டில் அளந்தால் எண்பதுக்கு இரண்டு விரல் குறைவு. அப்படியென்றால் எண்பது சென்டிமீட்டர் பார் அந்த இடுக்கில் நுழையவே நுழையாது.

இதை மறைக்கவில்லை. உன் முகத்துக்கு நேராகத்தான் சொன்னேன். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்க்கா" என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாய். பார்சல் வந்தபோது இரண்டு முனையிலும் ஸ்கேலில் இருப்பது போலச் சின்னச் சின்னக் கோடுகள் இருந்தன.

"இது இன்னாடா?"

"வேணும்னா வெட்டிக்கறதுக்குக்கா. ஒடம்பு சின்னதா இருக்கறவங்க வெட்டிப்பாங்க. வெட்னா மறுபடி ஒட்ட முடியாதுல்ல, அதான் கோடு போட்டுக் குடுக்கறான். நமக்கு எதுக்கு அது?"

நமக்கு எதுக்கு. அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை சனி, ஞாயிறு நிம்மதியாகச் சமைத்திருக்கிறேன் தெரியுமா?

மகிக்கு மூன்று வயதில் குலதெய்வம் கோயிலில் காது குத்தினோம். தாய்மாமன் மடி உன் மடி. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அவளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆசாரி ஊசியை எடுக்கும் முன்பே அவள் ஊரைக் கூட்டினாள். அவளைப் பிடிக்க நீ கையைத் தூக்கியபோது, முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து கிடந்ததைப் பார்த்தேன்.

"இது இன்னாடா காயம்? அந்த இடுக்குல போனியா?"

"அய்ய, இப்பப் போயி கேக்கறா பாரு! பின்னாடி செவுத்துல சிராய்ச்சிக்கினேன்க்கா."

நான் நம்பிவிட்டேன். அதோடு விட்டும்விட்டேன். சத்தியம் கேட்கவில்லை. நீயாகத்தான் உன் வலது கையை அவள் தலைமேல் வைத்தாய். "இவ மேல சத்தியமா நான் அந்த இடுக்குல போனதும் இல்ல, போகப்போறதும் இல்ல. நீதான அளந்த? அந்தப் பாரு அதுல எப்படிக்கா பூரும்?"

நான் அளந்த அளவையே எனக்குச் சாட்சி வைத்தாய்.

நீ போன கதை எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. எல்லோரும் இறங்கும் பாதையில், எல்லோரும் திரும்பும் வளைவில், ஈர மண்ணில் சறுக்கினாய் என்றார்கள். "இடுக்குலயா?" என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றார்கள். அழுகைக்கு நடுவிலும் மனசு ஒரு ஓரத்தில் சொன்னது: என் தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறான். ஒரு வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினேன். மற்ற எல்லாம் போய்விட்டது, அது இருந்தது.

போன மாதம் அதுவும் போனது.

உன் நினைவாக ஒரு சைக்கிள் ஓட்டம் வைக்கிறார்கள். அதில் உன் சைக்கிளைப் பார்வைக்கு வைக்கவேண்டுமாம். அதைக் கழுவி எடுத்துப்போக இம்ரான் வாணியம்பாடியிலிருந்து சந்தவாசலுக்கு வந்தான். நானும் போயிருந்தேன். பின்கட்டிலிருந்து தூக்க ஒரு கை கொடுத்தேன். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் பிடித்தபோதே என் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. விரிய வேண்டிய அளவுக்கு அவை விரியவில்லை. இம்ரான் கழுவுவதற்காக ரப்பர் கிரிப்பை உருவினான். முனையில் அந்தக் கோடுகள் இல்லை. ரம்பத்தின் பிசிறு இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல் வெட்டியிருந்தது.

"எப்படா வெட்னீங்க?"

இம்ரான் தண்ணீர்க் குழாயைத் தரையில் போட்டான். "இன்னாக்கா?"

"கேட்டது காதுல வுழுந்துச்சு உனக்கு. எப்ப வெட்னான்?"

"எங்க வூட்லதான்க்கா. நான்தான் பாரைப் புடிச்சிக்கினேன். வேணாம்டா, அக்காவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்கன்னு சொன்னேன். கேக்கல."

"எப்பன்னு கேட்டேன்."

அவன் சைக்கிளையே பார்த்துக்கொண்டு சொன்னான். "பாப்பாவுக்குக் காது குத்தறதுக்கு முந்தின வாரம்."

அப்படியென்றால், பிரகாசு, அவள் தலையில் நீ கை வைத்தபோது பார் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. நீ ஏற்கெனவே அந்த இடுக்கில் போயிருந்தாய். அந்தக் காயமே அங்கே பட்டதுதானாம். பிறகும் போயிருக்கிறாய், அந்த மழைக்காலம் முழுக்க. எல்லோருக்கும் தெரியும். வாணியம்பாடிப் பையனுக்குத் தெரியும், செங்கத்துப் பையனுக்குத் தெரியும். அந்த இடுக்குக்கு உன் பெயரை வைத்து, பாறையில் வெள்ளைப் பெயின்டில் எழுதியே வைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

அன்றைக்கு அந்த வளைவில் பார் முழு அகலத்தோடு இருந்திருந்தால் சக்கரத்தை அடக்கியிருப்பாயா? இம்ரானிடம் கேட்டேன். "தெரியாதுக்கா" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குக்கும் தெரியவில்லை. உனக்காவது தெரிந்ததா, அந்த ஒரு நொடியில்?

அடுத்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிள்ளை தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் பொய்த்தால் அது அந்தப் பிள்ளையைத்தான் தாக்கும் என்பார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டது. கல்லூரியில் ஐந்து வருஷம் உட்கார்ந்தும் அது என்னைவிட்டுப் போகவில்லை. அந்த வாரமே மகிக்குக் காய்ச்சல் வந்தது. போளூர் டாக்டர், "வைரல்மா, ஸ்கூல் பூரா இருக்கு" என்றார். காய்ச்சல் விட்டது. எனக்கு விடவில்லை. அவளை ஊஞ்சலில் ஏற விடவில்லை. மாடிப்படியில் தூக்கிக்கொண்டே இறங்கினேன். தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

"எம்எஸ்சி பிசிக்ஸ் படிச்சிட்டு இன்னா பேசற நீ?" என்றார் மகி அப்பா. "செத்துப்போனவன் சொன்னதுக்கும் வைரஸுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஒண்ணும் இல்ல. தெரியும். அந்தத் தெர்மாமீட்டரை இப்படிக் குடுங்க."

அம்மாவிடம் சொன்னேன். "அவன் சத்தியம் பண்ணானா பொய்னு அர்த்தம்டீ. சின்னதுலயே சத்தியம், சக்கரைப் பொங்கல்னுட்டு ஓடிடுவான். உனக்குத் தெரியாதா?" என்று சிரிக்கப் போனவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சைக்கிள் ஓட்டத்துக்கு மகிதான் கொடி அசைக்க வேண்டுமாம். முடியாது என்று சொன்னேன். பிறகு என்ன தோன்றியதோ, போன ஞாயிற்றுக்கிழமை இம்ரானைக் கூப்பிட்டு, "அந்த எடத்துக்கு எங்கள இட்டுக்கினு போ" என்றேன். ஜமுனாமரத்தூர் வரை பஸ். பிறகு அவன் பைக்கில் கொஞ்சம், நடை கொஞ்சம். மகியின் கையை நான் விடவேயில்லை.

பாறையில் உன் பெயர் இருந்தது. மகி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மாமா பேரு! மாமா இங்கதான் செத்தாங்களா?"

"இல்ல கண்ணு. அது கீழ."

"அப்ப இங்க இன்னா பண்ணாங்க?"

இம்ரான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சொன்னேன்: "இங்க போகலன்னு பொய் சொன்னாங்க."

"யார்கிட்ட?"

"என்கிட்ட. உன் தலையில கை வெச்சு."

அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு வலிக்கவே இல்லியே" என்றாள். பிறகு, "நீ மாமாவ அடிச்சியா?"

"அடிக்கறதுக்குள்ள போய்ட்டாங்க."

அப்போதுதான் என் பிடி தளர்ந்திருக்க வேண்டும். அவள் கையை உருவிக்கொண்டு அந்த இடுக்குக்குள் ஓடினாள். நான் கத்துவதற்குள் அந்தப் பக்கம் போய், சரிவுக்கு முன்னால் நின்று எட்டிப் பார்த்து, "அய்யோ, ஆழம்!" என்று திரும்பி ஓடிவந்தாள். இரண்டே மூச்சு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை, பிரகாசு. எட்டிப் பார்த்தாள், பயந்தாள், திரும்பி வந்தாள். அவளுக்கு அவ்வளவு புத்தி இருக்கிறது. உனக்கு ஏன் இல்லை?

உட்கார்ந்தபடியே அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். உச்சந்தலையில், நீ கை வைத்த அதே இடத்தில், ஒட்டியிருந்த எதையோ தட்டிவிடுவது போலத் தட்டிவிட்டேன். "மாமா சொன்னது மாமாவோடது. உன்மேல ஒட்டாது" என்று சத்தமாகச் சொன்னேன். "தூசியாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். இப்படி ஒரு சடங்கு எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் அன்று இறங்கும்போது அவள் எங்களுக்கு முன்னால் தனியாக ஓடினாள். நான் விட்டேன்.

இம்ரானிடம், பாறையில் இருக்கிற உன் பெயரை அழிக்கச் சொன்னேன்.

"பசங்க ஒத்துக்க மாட்டானுங்கக்கா."

"அப்ப மகி கொடி அசைக்க மாட்டா. போய்ச் சொல்லு."

அழித்துவிட்டார்கள். போட்டோ அனுப்பினான். என்மேல் கோபமா? இருக்கட்டும். பெயர் வேண்டுமென்றால் இன்னொரு நல்ல இடத்தில் எழுதட்டும். நீ என்னை ஏமாற்றிய இடத்துக்கு உன் பெயர் வேண்டாம்.

ஓட்டத்தன்று மகி கொடி அசைப்பாள். பக்கத்தில் நானும் நிற்பேன். வருஷா வருஷம் உனக்குப் படையல் போடுவேன், நாட்டுக்கோழிக் குழம்போடு, எலும்பு அதிகமாக. அவள் பெரியவளாகிக் கேட்டால், மாமா உன்னை உயிராக நினைத்தான், உன்னை வைத்தே பொய்யும் சொன்னான் என்று இரண்டையும் சொல்வேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் இந்த மலருக்காக எழுத மாட்டேன். இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் நாள் வந்தால் அம்மாவிடம் இல்லை, இம்ரானிடம் இல்லை, உன்னிடம்தான் முதலில் வந்து சொல்வேன். இதற்குச் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சும்மா சொல்கிறேன். என் வெறும் வாய்ச்சொல்லை நீ நம்பலாம்.

உன்மேல் கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
சங்கீதா