மஞ்சள் பத்துக்குக் கீழே

இன்று மீன் பொரிக்க மஞ்சள் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசம் முகத்தில் அடித்ததும் டப்பாவை அப்படியே வைத்துவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டேன். மீன் இன்னும் தட்டில்தான் கிடக்கிறது. நீ இருந்தால், "பூனைக்கா வாங்குனீங்க?" என்று கேட்டிருப்பாய்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் உனக்கு வந்த முதல் வருடம் காய்ச்சல் அடித்தபோது கன்னம் சிவந்தது, வாயெல்லாம் புண், விரல் மூட்டுகள் வீங்கின. ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் சோதித்துவிட்டு, நோய்தான் சீறுகிறது என்று ஸ்டெராய்டு மாத்திரையைக் கூட்டினார். மூன்றே நாளில் எழுந்து உட்கார்ந்தாய். அதோடு நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, பெரிய டாக்டர்கள் மாதிரி. பால்குடம் வேண்டிக்கொண்டதும் அப்போதுதான்.

தைப்பூசத்தன்று வெறுங்காலோடு நடந்ததில் உள்ளங்கால் கிழிந்தது. கிளினிக்குக்குப் போகலாம் என்றேன். "முருகனுக்கு நடந்த காலு, ஒண்ணும் செய்யாது" என்றாய். நானும் விட்டுவிட்டேன். மஞ்சளைக் குழைத்துப் பத்துப் போட்டவனும் நான்தான்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடும்படி நடுங்கினாய். போன தடவை இப்படி நடுங்கவில்லை. இந்தத் தடவை கன்னமும் சிவக்கவில்லை, வாயில் புண்ணும் இல்லை. கண்ணால் பார்த்தேன், புத்திக்கு எட்டவில்லை. மூட்டு வலிக்கிறது என்று நீ சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த மாத்திரையை இரண்டு மடங்காகக் கொடுத்தேன். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

"எதுக்கும் ஈப்போவுக்குப் போய்க் காட்டிட்டு வந்துருவோமா?" என்று கேட்டாய்.

"அதான் கொறஞ்சிருச்சே. அடுத்த வாரம் போலாம்லா" என்றேன்.

இரண்டு நாளில் உன் பேச்சு குழறியது. அதற்குப் பிறகுதான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் காரை விரட்டினேன். அங்கே தாதி உன் காலில் இருந்த மஞ்சளைக் கழுவினார். பத்துக்குக் கீழே கணுக்கால் வரை செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. நீ வீடு திரும்பவே இல்லை.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "நோய் சீறினாலும் கிருமி ஏறினாலும் ரெண்டும் காச்சலாத்தான் வரும் அண்ணே. சில நேரம் சேர்ந்தே வரும். ரத்தம் எடுத்து, உடம்பு பூரா தேடிப் பாத்தாதான் தெரியும். மாத்திரை காச்சல மட்டும் அமுக்கிரும்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போன மாதம், நம் தாமான் குடியிருப்பில் உன்னைப் போலவே லூபஸ் உள்ள அக்கா காய்ச்சலோடு வந்து, மிச்ச மாத்திரையைப் போட்டுக்கொள்ளவா என்று கேட்டார். கார் சாவியை எடுத்தேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே, மொதல்ல காலைப் பாருங்க என்றேன். காலில் ஒன்றுமில்லை. சோதித்ததில் அவருக்கு லூபஸ்தான் சீறியதாம். மாத்திரையைக் கூட்டியே அனுப்பினார்கள். திரும்பும்போது அக்கா என்னைக் கேலி செய்து சிரித்தார். சிரிக்கட்டும்.

நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது, "வா, போலாம்" என்ற இரண்டே சொல். இப்போது யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத்தான் சொல்லவில்லை.