ஒரு கை மட்டும் வெளியே இருக்கும் போர்வை

என் தங்கமே, கலா,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் எல்லாரும் கடிதத்தை ஆரம்பிப்பார்கள். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இங்கே நடக்கிறதைச் சொல்கிறேன், கேட்டுக்கொண்டிரு. நான் எதைச் சொன்னாலும் குறுக்கே பேசுவாயே, இப்போது இந்த வீட்டில் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

தையல் மெஷினை மறுபடி திறந்துவிட்டேன்.

நீ போன பிறகு உன் அண்ணன் ஒரு பெட்ஷீட்டைப் போட்டு அதை மூடிவிட்டார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கூடத்தைப் பெருக்கும்போதும் விளக்குமாற்றை எட்டி நீட்டிப் பெருக்கிவிட்டு வந்துவிடுவேன். ஒரு நாள் மத்தியானம் அங்கே எலி கொறிக்கிற சத்தம் கேட்டது. உன் துணி மூட்டையைக் கடித்துவிட்டதோ என்று பதறிப்போய் பெட்ஷீட்டை இழுத்தேன். எலி ஓடிவிட்டது. மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மெஷினில் நீ ரோசி அக்காவுக்குத் தைத்துக்கொண்டிருந்த போர்வை அப்படியே இருந்தது, ஊசி துணிக்குள் இறங்கி நின்றபடி. தையலின் நடுவில்தானே எழுந்தாய் நீ. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கோடி.

இவள் என் வீட்டுக்காரரின் தங்கை. குருவிநத்தத்தில் வாக்கப்பட்டவள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் வசதி என்று பாகூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். கூடப் போவது நான். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் எத்தனை நாளைக்கு என்று தெருவில் பேசினார்கள். பேசியவர்கள் எல்லாம் சாவுக்கு வந்து என் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

உடம்பில் இருக்கிற ரத்தமெல்லாம் மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும்போது எலும்பு வரைக்கும் குளிரும் என்பாய். அந்த ஹாலில் ஏசி வேறு. ஆஸ்பத்திரி துப்பட்டி மெல்லிசு. கம்பளி கொண்டுபோனால் உடம்பெல்லாம் அரிக்குது என்று தள்ளிவிட்டாய். அப்போதுதான் செல்போனில் யாரோ ஒரு பெண் துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கிறதைப் பார்த்தாய்.

"அண்ணி, இதுக்குப் பேரு குயில்ட்டாம். நாம தைக்கலாமா?"

"இன்னாது, குயிலா?" என்றார் உன் அண்ணன்.

அன்றைக்கிலிருந்து இந்த வீட்டில் அதற்குக் குயில் என்றே பேர். மேலே துண்டுகள், நடுவில் கஞ்சி போன பருத்திப் புடவை, அடியில் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழே வரிவரியாக ஓட்ட வேண்டும். முதல் போர்வையை உன் அண்ணனின் பழைய லுங்கிகளில்தான் தைத்தோம். துவைத்ததும் சிவப்புச் சாயம் இறங்கி வெள்ளைக் கட்டமெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. "நல்லாத்தான இருக்கு, ரோசாப்பூ மாதிரி" என்று அதையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாய்.

ஆஸ்பத்திரியில் வேறொரு தொல்லை. ஊசி குத்தியிருக்கிற கை எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நர்ஸ் வந்து வந்து போர்வையை விலக்கிவிட்டுப் போவாள். விலக்கினால் மார்பு வரைக்கும் குளிர் ஏறும். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, அவ்வளவு பாடுபட்டுத் தைத்த போர்வையின் இடது பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டினாய்.

"கையி மட்டும் வெளிய இருக்கட்டும். மிச்ச ஆளு உள்ள இருக்கலாம் இல்ல?" என்றாய்.

வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த முறை நீ அந்தக் கட்டிலில் தூங்கினாய். அந்த ஹாலில் நீ தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல உனக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில் ரோசி அக்கா, வில்லியனூர்க்காரர், வாய் திறந்து கேட்கவே இல்லை. உன் போர்வையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். மாதா கோயில் திருவிழாவுக்குள் உனக்கு ஒன்று தருகிறேன் அக்கா என்று நீயாகவே சொல்லிவிட்டு வந்தாய். திருவிழா வந்து போய்விட்டது கலா.

அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தாய். போர்வை பெரிதாகிவிட்டால் கனம் இழுக்கும், தையல் கோணும். எதிரில் நின்று ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். வழக்கம்போல நான்தான் பிடித்திருந்தேன். மிதித்துக்கொண்டிருந்த காலை நிறுத்திவிட்டு, "அண்ணி, நெஞ்சு கனமா இருக்குது" என்றாய். கொஞ்சம் படு என்றேன். எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாய். உன் அண்ணன் கார் பிடித்து வந்தார். கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் உன் தலை என் தோளில் வேறு மாதிரி கனத்தது. டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களைச் சேர்த்து வைத்திருந்த உன் இடது கையைத் தொட்டேன். அந்தத் தோலுக்கு அடியில் எப்போதும் வண்டு பறக்கிற மாதிரி ஒரு அதிர்வு இருக்குமே, அது இல்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. முன்சீட்டில் இருந்த உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும், வேகமாப் போகச் சொல்லுங்க, வேகமாப் போகச் சொல்லுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதற்காக அப்படிச் சொன்னேன்?

எலி ஓடிய மறுநாள் ரோசி அக்காவின் போர்வையை முடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எதிரில் பிடிக்க ஆள் இல்லை. நாற்காலி ஒன்றைப் போட்டு அதன்மேல் போர்வையைப் போட்டேன், சரிந்து விழுந்தது. தையல் பாம்பு போனது மாதிரி போனது. ஊசி ஒடிந்தது. ஆத்திரத்தில் போர்வையைச் சுருட்டி எறிந்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

கரும்புக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்த உன் அண்ணன் வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறார். காலையும் கையையும் கழுவிவிட்டு வந்து, கீழே கிடந்ததை எடுத்து, நீளமாக விரித்து, எதிரில் நின்று தாங்கிப் பிடித்தார்.

"ஓட்டு," என்றார்.

உன்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. உன் பேரைச் சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் ஓட்ட ஓட்ட அவர் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தார். நீ தைத்த இடம் முடிந்து என் தையல் தொடங்குகிற இடம் அவர் கைக்கு வந்தபோது, அதைக் கொஞ்ச நேரம் விடவே இல்லை. நானும் மிதிக்கவில்லை. "பாப்பா இவ்ளோ பொடிசாவா தைப்பா?" என்று கேட்டார். இத்தனை வயதில் இரண்டு கையிலும் போர்வையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைக்கக் கையில்லாமல், தோளில் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்தப் போர்வையின் வெட்டு வலது பக்கத்தில் இருந்தது. தப்பாக வெட்டிவிட்டாய் என்று நினைத்து மூடித் தைக்கத் துண்டு தேடினேன். அப்புறம்தான் ரோசி அக்காவுக்கு ஊசி வலது கையில் போடுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவு உடம்பு முடியாத நேரத்திலும் இதெல்லாம் உன் மனசில் இருந்திருக்கிறது.

போர்வையை முடித்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் மடியில் மூட்டை. ஏரி நிரம்பிக் கிடந்தது. இந்த இடம் வந்தால் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். "இவ்ளோ தண்ணி கெடக்குது, எனக்கு மட்டும் டம்ளர்ல அளந்து குடுக்குறாங்க பாரு அண்ணி" என்று ஒரு தடவை சொன்னாய், சிரித்துக்கொண்டே. நான் வழி நெடுக ஏரியைப் பார்க்காமலேயே போனேன்.

ஹால் வாசலில் செருப்பை விட்டவுடன் அந்த மருந்து வாசனை. திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. உன் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசு. துப்பட்டியைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

ரோசி அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"வாம்மா! எங்க கலா? வேற ஷிப்ட்டுக்கு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்களே. காலையிலயா வருது? என்னையும் அதுக்கே மாத்தச் சொல்லும்மா, இங்க பேச்சுத்தொணைக்கு ஆளு இல்ல."

அங்கே எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வார்களாம். காணாமல் போகிறவர்கள் எல்லாம் வேறு ஷிப்ட்டுக்குப் போய்விட்டவர்கள். அது கெட்ட எண்ணத்தில் சொல்வதல்ல. படுத்திருக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது இல்லையா? நானும் தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன் கலா. ஆமாம் அக்கா, காலையில்தான் வருகிறாள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பதில் போர்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். வலது கையை அந்த வெட்டு வழியாக வெளியே எடுத்து வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

அவர் இன்னொரு கையால் போர்வையைத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கிருந்து பின்னால் தடவினார், மறுபடி முன்னால் தடவினார்.

"இதுக்கு மேல நீ தச்சியாம்மா?"

"ஆமாக்கா."

"கலா ஏன் முடிக்கல?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நீ போனதிலிருந்து நான் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. போய்ட்டா, தவறிட்டா, நம்மகிட்ட இல்ல, இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொன்னேன்.

"கலா செத்துப்போய்ட்டாக்கா."

ரோசி அக்கா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். அந்தக் கை மட்டும் வெளியே, குழாய்களோடு, அசையாமல் இருந்தது. அசைந்தால் ஊசி நகர்ந்துவிடும் என்று அழும்போதுகூட அதை அசைக்காமல் வைத்திருந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

ரொம்ப நேரம் கழித்து, போர்வைக்குள்ளிருந்தே, "பக்கத்துல அந்தப் பொண்ணுக்கும் குளுருது பாரு" என்றார்.

அந்தப் பெண் பேர் கேட்டுக்கொண்டேன், ஜீவிதா. சுத்துக்கேணியிலிருந்து வருகிறாளாம். இடது கை. அவளுக்குத்தான் இப்போது தைத்துக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு தடவை தைத்துப் பார்த்த நட்சத்திர டிசைன் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், உனக்கே முனை சேரவில்லை. சாதாரணக் கட்டம்தான். பச்சையும் மஞ்சளுமாக மேல்பக்கம் முடிந்துவிட்டது. உன் புடவை ஒன்றை நடுவில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, நீ ஆசையாகக் கட்டுவாயே, அந்த நீலப் புடவை இல்லை, அதை என்னால் தொட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பெண் விஷயம்.

தர்ஷினியின் சின்ன வயசு கவுன்கள், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாவற்றையும் வெட்டி அவளுக்கென்று ஒரு போர்வை அடுக்கி வைத்திருந்தாயே. மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்தியதோடு நின்றுவிட்டது. ஒரு வரிகூட ஓட்டவில்லை. அதைக் காரியத்தன்றே அவளிடம் காட்டினேன். "எடுத்து உள்ள வை அத்த" என்று கத்திவிட்டாள். அப்புறம் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் குருவிநத்தத்திலேயே அப்பாவோடு இருந்துகொள்வாள். இந்த வீட்டுக்கு வரவே மாட்டாள். நான் வற்புறுத்தவில்லை. நீ படுத்திருந்த வீடு, அவளுக்கும் மனசு இருக்காதா?

போன ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்தாள். நல்ல மழை. நனைந்து வந்தாள். தலையைத் துவட்டிவிட்டு, சோறு சாப்பிட்டுவிட்டு, மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். ஜீவிதாவின் போர்வையைக் கொஞ்ச நேரம் பிடித்துக் கொடுத்தாள். அப்புறம், "எங்க அம்மா எனக்கு வச்சது எங்க அத்த?" என்றாள்.

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தேன், அதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் உன் பாயை விரித்து, அதைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

"ஏன்டி, அதுல பூரா ஊக்குடி. குத்தும். குடு, எடுத்துட்டுத் தரேன்."

"குத்துனா குத்தட்டும் அத்த. அம்மா வச்ச ஊக்குதான."

நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். புரளாமல் ஒரே பக்கமாகத் தூங்கினாள், உன்னை மாதிரியே வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு. எழுந்தபோது கன்னத்தில் ஒரு ஊக்கின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மடித்து என் கையில் கொடுத்தாள். ஓட்டவா வேண்டாமா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கலா, உனக்கு இந்த ஒரு வாக்கு கொடுக்கிறேன். ஜீவிதாவின் போர்வையை முடித்து நானே கொண்டுபோய்ப் போர்த்துவேன். அதற்கப்புறம் யார் கேட்டாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, அவர்களுக்கும் தைப்பேன். ஆனால் உன் பெண்ணின் போர்வையில் நீ குத்திய ஊக்கு ஒன்றைக்கூட, அவள் வாய் திறந்து சொல்லாமல், நான் எடுக்க மாட்டேன். அது வரைக்கும் அது துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வெயில் வருகிற அன்றைக்கெல்லாம் வெளியே எடுத்துக் காயவைப்பேன்.

உன் அண்ணன் கூப்பிடுகிறார். பிடிக்க வந்து நிற்கிறார் போலிருக்கிறது.

உன்னைத் தோளில் சாய்த்து வந்த,
உன் அண்ணி
சுமதி